அம்மாவுக்கு வயிற்றில் புடைப்பு, ஸ்கேன் நார்மல். அவசரம், யாராவது சொல்லுங்க

சித்தோடு_தம்பி: மூணு மாசமா அம்மாவுக்கு வயிறு ஒரு பக்கம் வலி. சாயங்காலம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைக்குது, படுத்தா காணோம். ஸ்கேன்ல ஒண்ணுமில்லைனு எழுதிட்டாங்க. கேஸ் மாத்திரைதான் ஓடுது. என்ன பண்றது?

மாடிவீடு: எந்தப் பக்கம்? தொப்புளுக்கு மேலயா கீழயா? வயசு? பழைய ஆபரேஷன் இருக்கா?

செல்வி_அக்கா: வாயுதான் தம்பி. ஓமத்தண்ணி குடுங்க, இடுப்பு பெல்ட் போடுங்க. எங்க மாமியாருக்குச் சரியாச்சு.

ஸ்கேன்_ரூம்_அண்ணன்: வாயு தினமும் ஒரே இடத்துல புடைக்காதும்மா. தம்பி, விவரம் எழுதாம பதில் கேக்காதீங்கனு இங்க எத்தனை தடவை சொல்லிட்டேன். ஸ்கேன் நிக்க வச்சு எடுத்தாங்களா, படுக்க வச்சா?

சித்தோடு_தம்பி: படுக்க வச்சுதான். இடது பக்கம், தொப்புளுக்குக் கீழ ஓரமா. வயசு 61. ஆபரேஷன் இல்லை, குடும்பக் கட்டுப்பாடு மட்டும், அது நடுவுல.

ஸ்கேன்_ரூம்_அண்ணன்: அப்படின்னா ஸ்பைஜீலியன் ஹெர்னியாவானு பாக்கணும். வயித்து நடுத்தசையோட வெளி ஓரத்துல வர்ற குடலிறக்கம். வயித்துச் சுவர் ஹெர்னியாவுல நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் இது. மேல இருக்கிற தசைப்படலம் மூடியிருக்கும், அதனால கைக்குச் சிக்காது, படுத்தா உள்ள போயிடும். நிக்க வச்சு, இரும வச்சு ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, இல்லனா சி.டி. ஸ்கேன். தசையில இருக்கிற ஓட்டை சின்னது, குடல் மாட்டினா நெரிஞ்சிடும். பெல்ட் இதுக்கு வைத்தியம் இல்லை, ஆபரேஷன்தான். புடைப்பு உள்ள போகாம வலி ஏறி வாந்தி வந்தா காத்திருக்காதீங்க, ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குப் போங்க.

மாடிவீடு: சர்ஜனைப் பாருங்க. ஆனா ஓட்டையை மூட உள்ள வைக்கிற வலை (மெஷ்) வேண்டாம்னு சொல்லிடுங்க. என் சித்தப்பாவுக்கு வலை வச்ச இடம் ரெண்டு வருஷமா வலி.

கரூர்_ராணி: தையல் மட்டும் போட்டா திரும்ப வர வாய்ப்பு அதிகம். என் வீட்டுக்காரருக்குத் தொப்புள்ல அப்படித்தான் ரெண்டாவது தடவை அறுத்தாங்க.

மாடிவீடு: அவர் சீக்கிரமே மூட்டை தூக்கியிருப்பார்.

கரூர்_ராணி: அவர் கடையில உக்காந்து கணக்கு எழுதுறவர்ங்க. பாக்காம பேசாதீங்க.

ஸ்கேன்_ரூம்_அண்ணன்: வலையா தையலானு ஓட்டை அளவைப் பாத்து சர்ஜன் முடிவு பண்ணுவார். பெரும்பாலும் வலைதான். குடல் அழுகிப் போயிருந்தா தொற்றுக்குப் பயந்து தவிர்ப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் தனியா ஒரு பதிவு போட்டுப் பேசிக்கோங்க.

செல்வி_அக்கா: தம்பி, அம்மா எப்படி இருக்காங்க? எழுதுப்பா.

*(16 நாள் கழித்து)*

சித்தோடு_தம்பி: சி.டி.யில அதேதான். லேப்ராஸ்கோப்பில, அதாவது சின்னத் துளை போட்டு, வலை வச்சாங்க. மூணாம் நாள் வீட்டுக்கு வந்தாச்சு. ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாதாம், அம்மா கேக்க மாட்டேங்குறாங்க. அண்ணனுக்கு நன்றி.