கணினி விளையாட்டில் முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை. குற்றம் ரிசீவரிலா, கேபிளிலா, என்னிடமா?

செங்காங் வாசி
வெள்ளி இரவு 11.52

மூன்று இரவுகளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் கேட்பதில் வெட்கமில்லை.

தெம்பனிசில் இருக்கும் என் தாய்மாமா ஈரறை வீட்டுக்கு மாறியபோது தம் ஹோம் தியேட்டரை அப்படியே என் தலையில் கட்டிவிட்டார். ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும், பத்து வயதைத் தாண்டிய 5.1 ரிசீவர், முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, தாழொலிக்கென்று இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகர்கிற ஒரு சப்வூஃபர். எங்கள் நான்கறை வீட்டுக் கூடத்தில் கம்பி கண்ணில் படக்கூடாது என்பது மனைவி போட்ட நிபந்தனை. வெள்ளை டிரங்கிங் வாங்கிச் சுவரோரமாக ஒட்டி முடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காணாமல் போனது.

விளையாட்டுக் கணினி டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து எச்டிஎம்ஐ நேராக டிவிக்குப் போகிறது. மதர்போர்டின் பின்புறமிருந்து ஆப்டிக்கல் கேபிள் ரிசீவருக்குப் போகிறது. கேபிள் 38 வெள்ளி. முனையில் தங்க முலாம் பூசியது, சத்தம் சுத்தமாக வரும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை.

டிவிடி போட்டால் ரிசீவரின் முகப்பில் ‘டால்பி டிஜிட்டல்’ என்று எரிகிறது, மழை என் சோபாவுக்குப் பின்னால் பெய்கிறது. விண்டோஸில் டிஜிட்டல் வெளியீட்டின் பண்புகளைத் திறந்து, டால்பி டிஜிட்டலுக்கு நேரே இருக்கும் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் அதுவும் ஒலிக்கிறது. அதே எழுத்து எரிகிறது. ஆனால் விளையாட்டைத் தொடங்கிய மறுநொடி முகப்பு ‘பிசிஎம்’ என்று மாறிவிடுகிறது. முன்னால் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பேசுகின்றன, மற்றவை பிணம்போல் கிடக்கின்றன. 5.1 தேர்ந்தெடுக்கலாம் என்று போனால் ‘கான்ஃபிகர்’ பொத்தான் மங்கிக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை.

என் மகனுக்குப் பதினோரு வயது. உள்ளறையில் தன் மடிக்கணினியில் சாதாரண ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “அப்பா, இடப்பக்கம், பின்னால்!” என்று கத்துகிறான். ஆறு பெட்டிகளுக்கு நடுவே மகாராஜா போல உட்கார்ந்திருக்கும் நான் முதுகில் சுடப்பட்டுச் சாகிறேன். டெஸ்டில் வருவது விளையாட்டில் ஏன் வரவில்லை?


கேபிள் பெட்டி
சனி காலை 8.10

ரிசீவர் ரிமோட்டில் ‘புரோ லாஜிக்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்துங்கள், எல்லாப் பெட்டியிலும் வரும். வேலை முடிந்தது.


செங்காங் வாசி
சனி காலை 9.35

வருகிறது. ஹெலிகாப்டர் எங்கே பறந்தாலும் கூடம் முழுக்கப் பறக்கிறது. காலடிச் சத்தம் முன்னாலா பின்னாலா என்று மட்டும் இப்போதும் தெரியவில்லை. இரண்டு தடங்களை இழுத்து ஐந்து பெட்டிக்கும் பூசி மெழுகியதுபோல இருக்கிறது.


தோ பாயோ பழசு
சனி பிற்பகல் 2.20

தம்பி, ரிசீவரும் கெடவில்லை, கேபிளும் கெடவில்லை. கெட்டது 38 வெள்ளிதான். ஆப்டிக்கல் கேபிளுக்குள் போவது வெளிச்சம். வெளிச்சத்துக்கு எதற்குத் தங்க முலாம்?

அந்த வழி, சிடி காலத்தில் சோனியும் பிலிப்ஸும் வகுத்தது. சதுர மூக்குள்ள அந்த பிளக்கை 1983இல் தோஷிபா கொண்டுவந்தது. நசுக்காத ஒலி என்றால் (உங்கள் முகப்பில் எரியும் ‘பிசிஎம்’ அதுதான்) இடம், வலம் என இரண்டு தடம்தான் அதற்குத் தெரியும். டிவிடிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஆறு தடங்களையும் நசுக்கி ‘டால்பி டிஜிட்டல்’ என்று ஒரே பொட்டலமாகக் கட்டி அதே இரண்டு தட வழியில் அனுப்பினார்கள். பிரித்துப் பரிமாறுவது ரிசீவரின் வேலை.

படத்தின் ஒலி, விடியற்காலையிலேயே வாழையிலையில் கட்டி அடுக்கிவைத்த நாசி லெமாக். எடுத்து நீட்டினால் போதும். விளையாட்டின் ஒலி பிராட்டாக் கடை. நீங்கள் தலையை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அந்தக் காலடி எந்த ஸ்பீக்கரில் விழ வேண்டும் என்று அந்த நொடியில் முடிவாகிறது. கல்லிலிருந்து எடுத்ததை உடனுக்குடன் கட்டிக் கொடுக்க ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். உங்கள் மதர்போர்டில் அந்த ஆள் இல்லை. அதனால் கணினி இரண்டு தடத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. நீங்கள் அழுத்திப் பார்த்த டெஸ்டும் முன்பே கட்டிவைத்த பொட்டலம்தான். ரிசீவருக்குப் பிரிக்கத் தெரியுமா என்பதை அது சோதிக்கிறது. கணினிக்குக் கட்டத் தெரியுமா என்று அது கேட்கவே இல்லை. உங்களைப்போல் அதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

கட்டுகிற ஆளின் பெயர் டால்பி டிஜிட்டல் லைவ். டால்பியின் போட்டியாளரான டிடிஎஸ் பக்கத்தில் டிடிஎஸ் கனெக்ட். 2001இல் என்விடியாவின் என்ஃபோர்ஸ் சிப் வைத்த சில மதர்போர்டுகளில் இதே வேலை நடந்தது, அதே ஆண்டு வந்த முதல் எக்ஸ்பாக்ஸும் விளையாடும்போதே கட்டிக் கொடுத்தது. இப்போதும் சில சவுண்ட் கார்டுகளில் கிடைக்கிறது. ஆனால் கட்டுவதற்கும் பிரிப்பதற்கும் நேரம் பிடிக்கும், துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் சற்றுத் தள்ளாடி வரும். உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சவுண்ட் கார்டு என்று எழுதியதும் கை நிற்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடையாகத் தொடங்கியதுதான் கிரியேட்டிவ் நிறுவனம். 1989இல் அதன் சவுண்ட் பிளாஸ்டர் கார்டு வந்தது. அதுவரை பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்த கணினிகளை உலகம் முழுக்கப் பேசவைத்தது நம் ஊர் அட்டை. பிறகு இடத்துக்கேற்ப எதிரொலியை மாற்றும் அவர்களுடைய இஏஎக்ஸ் வந்தது. குகைக்குள் நுழைந்தால் காலடி குகைபோல ஒலிக்கும், வெளியே வந்தால் மாறும். 2007இல் விஸ்டா வந்தபோது விண்டோஸின் ஒலிக்கட்டமைப்பு மாறியது, விளையாட்டுகள் டைரக்ட்சவுண்ட் வழியாக நேரே அட்டையைத் தொடும் கதவு மூடியது, இஏஎக்ஸின் காலமும் அதோடு சாய்ந்தது. கிரியேட்டிவைத் தொடங்கிய சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். பேர்ல்ஸ் சென்டரும் இப்போது இல்லை. என் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் மட்டும் சாமான் அறையில் பெட்டியோடு இருக்கிறது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். ஆப்டிக்கலைக் கழற்றுங்கள். எச்டிஎம்ஐ எட்டுத் தடங்களை நசுக்காமலேயே சுமக்கும், கட்டவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். கணினியிலிருந்து எச்டிஎம்ஐயை ரிசீவருக்குக் கொடுங்கள், ரிசீவரிலிருந்து டிவிக்கு இன்னொன்று. முதலில் ரிசீவரைப் போட்டுவிட்டுக் கணினியைப் போடுங்கள். ‘எனக்கு ஆறு தடம் வாங்கத் தெரியும்’ என்று ரிசீவர் சொன்னால்தான் விண்டோஸ் ஆறு தடம் கொடுக்கும். ரிசீவரின் அமைப்பில் ‘எச்டிஎம்ஐ ஒலி’ என்று ஒன்று இருந்தால் அது டிவி பக்கம் இல்லாமல் ஆம்ப் பக்கம், அதாவது ரிசீவர் பக்கம், இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிவியின் பேச்சைக் கேட்டு மறுபடியும் இரண்டு தடத்தோடு நின்றுவிடும்.


இரவுப் பணி
சனி மாலை 6.05

என் ரிசீவரில் எச்டிஎம்ஐயே கிடையாது, ஆனால் பின்னால் ‘மல்ட்டி சேனல் இன்’ என்று ஆறு ஆர்சிஏ துளைகள் உண்டு. கணினியின் பச்சை, கறுப்பு, ஆரஞ்சுத் துளைகளிலிருந்து மூன்று ஒயரை இழுத்துச் செருகி ஆறு வருடம் ஓட்டினேன். பச்சை முன்னால், கறுப்பு பின்னால், ஆரஞ்சு நடுவும் சப்வூஃபரும். ஆரஞ்சில் மட்டும் கவனம். எனக்கு நடுவும் சப்வூஃபரும் இடம் மாறிக் கிடந்தன. ஒரு வாரம் தளபதி கட்டளையிட்டதெல்லாம் சோபாவுக்கு அடியிலிருந்து உறுமலாக வந்தது. அது கதையின் மர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


செங்காங் வாசி
ஞாயிறு பிற்பகல் 3.48

அண்ணே, சத்தம் வந்தது, படம் போனது. ரிசீவர் வழியாகக் கொடுத்தால் 4கே படம் விநாடிக்கு 30 சட்டத்துக்கு மேல் ஏற மறுக்கிறது. நேராக டிவிக்குக் கொடுத்தபோது 120 வந்தது. 30இல் விளையாடுவது சேற்றுக்குள் ஓடுவதுபோல இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வழியாக டிவியிலிருந்து ரிசீவருக்குக் கொண்டுவந்தால்?


தோ பாயோ பழசு
ஞாயிறு மாலை 5.15

அது எச்டிஎம்ஐ 1.4 காலத்து ரிசீவர், 4கேயில் 30தான் அதன் எல்லை. ஏஆர்சி உதவாது, அதுவும் ஆப்டிக்கலுக்கு உடன்பிறப்பு. நசுக்காத ஒலியில் இரண்டு தடம்தான் போகும். அதன் புதிய வடிவமான இஏஆர்சி இருந்தால் வேறு கதை, உங்கள் மாமாவின் ரிசீவர் அதற்கு முந்தைய தலைமுறை.

படத்தையும் ஒலியையும் பிரித்துவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ பழையபடி நேராக டிவிக்குப் போகட்டும். பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் துளைகள் சும்மா இருக்கும். அதில் ஒன்றுக்கு எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கி ரிசீவருக்குக் கொடுங்கள். விலை மலிந்த சாதாரண அடாப்டரே போதும், தங்க முலாம் வேண்டாம். ரிசீவரிலிருந்து டிவிக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிடலாம்.

விண்டோஸ் அதை இரண்டாவது திரை என்று நினைத்துக்கொள்ளும். நினைக்கட்டும். எச்டிஎம்ஐயில் ஒலி, படத்தின் வரிகளுக்கும் சட்டங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளிகளில் ஏறித்தான் வருகிறது. படம் ஓடாவிட்டால் ஒலியும் ஓடாது. ஆகவே அந்தப் பேய்த்திரையை அணைக்காதீர்கள், ‘எக்ஸ்டெண்ட்’ என்று வைத்து 1080பியில் விடுங்கள். சுட்டி அந்தப் பக்கம் ஓடித் தொலைந்துபோகும். அதற்கும் வழி உண்டு. திரை அமைப்புப் படத்தில் இரண்டாவது கட்டத்தைப் பிடித்து இழுத்து, முதல் கட்டத்தின் மூலையை மட்டும் தொடும்படி குறுக்காக வையுங்கள்.

அதன்பின் பிளேபேக் பட்டியலில் ரிசீவரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ‘கான்ஃபிகர்’ உயிர் பெற்றிருக்கும். 5.1. ஃபுல் ரேஞ்ச் என்று கேட்கும் இடத்தில் எல்லாவற்றையும் டிக் செய்துவிடுங்கள், எந்தத் தாழொலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பதை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். விண்டோஸின் ஸ்பேஷியல் சவுண்ட் ஆஃப். விளையாட்டுக்குள்ளும் ஒலி அமைப்பு ‘ஹெட்போன்’ என்று இருக்கும், ‘ஹோம் தியேட்டர்’ என்று மாற்றுங்கள். பல விளையாட்டுகள் தொடங்கும்போது ஒருமுறைதான் தடங்களை எண்ணிப் பார்க்கும், ஆகவே மாற்றிய பிறகு மூடித் திறங்கள்.


செங்காங் வாசி
செவ்வாய் இரவு 9.30

அடாப்டர் 14 வெள்ளி. ரிசீவர் முகப்பில் ‘மல்ட்டி சேனல்’ என்று எழுத்து மாறியபோது கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன், இருந்தும் கை தட்டினேன்.

விளையாட்டில் நுழைந்து ஒரு வாசலுக்குள் பதுங்கி நின்றேன். மேலே மரப்படியில் யாரோ இறங்குகிற சத்தம், பிறகு வலது தோளுக்குப் பின்னால் கண்ணாடித் துண்டை மிதிக்கிற சத்தம். வலப்பக்கம் திரும்பிச் சுட்டேன். சுவர். முதுகில் குண்டு. இரண்டாம் முறையும் அதே கதை. மகன் வந்து சோபாவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “அப்பா, அவன் இடப்பக்கம் இருக்கிறான், சத்தம் வலப்பக்கம் வருகிறது” என்றான். டிரங்கிங்குக்குள் நான் அழகாக மறைத்த இரண்டு கம்பிகளும் ரிசீவரின் பின்னால் இடம் மாறிச் செருகப்பட்டிருந்தன. மழைக் காட்சியில் அது எப்படித் தெரியும், மழை இரண்டு பக்கமும் பெய்கிறதே!

பழசு அண்ணனுக்கு நன்றி. தேக்கா பக்கம் வந்தால் சொல்லுங்கள், பிராட்டா என் கணக்கு. இரவுப் பணி சொன்ன தளபதியை நினைத்துச் சப்வூஃபரையும் சோதித்தேன், என்னுடையது ஒழுங்காக இருக்கிறது. கீழ்வீட்டுப் பாட்டிக்காக இரவு பத்து மணியானால் அதை அணைத்துவிடுகிறேன்.


கேபிள் பெட்டி
செவ்வாய் இரவு 9.41

38 வெள்ளிக் கேபிளை என்ன செய்தீர்கள்?


செங்காங் வாசி
செவ்வாய் இரவு 10.02

டிவியிலிருந்து ரிசீவருக்குப் போட்டுவிட்டேன். மாமியார் வசந்தம் சேனலில் நாடகம் பார்க்கிறார். தங்க முலாம் பூசியது என்று சொன்னதிலிருந்து வசனம் தெளிவாகக் கேட்கிறதாம்.