அறுபது நாள் ஆட்சேபம் எழுதி என்ன கண்டோம்?

பாம்பன்_கரைக்காரன்:
போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டுப்படகுச் சங்கத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. கடற்கரை, மீன்பிடி சம்பந்தமாக இனி எந்த வரைவு விதி வந்தாலும் ஊர் சார்பில் ஆட்சேபம் எழுதி அனுப்ப ஒரு குழு போடலாம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று இங்கே எழுதுகிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன் கடற்கரை வரைபடத்துக்குக் கருத்து சொல்லலாம் என்று கூப்பிட்டார்கள். அப்பாவும் நானும் ஒரு நாள் தொழிலை விட்டுப் போனோம். கரைவலை இழுக்கும் இடம், கருவாடு காயப்போடும் திட்டு, வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளங்களை ஏற்றி வைக்கும் மேடு, எல்லாவற்றையும் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாங்கி முத்திரை போட்டு ரசீது கொடுத்தார்கள். அதன் பிறகு ஒரு வரி பதில் கிடையாது. எடுத்துக்கொண்டார்களா, தள்ளினார்களா, தள்ளினால் ஏன் என்று இன்று வரை தெரியாது. அந்த ரசீது வீட்டு மாடத்தில் இருக்கிறது. அப்பா இறந்துவிட்டார்.

நாம் கேட்டு நடந்ததெல்லாம் சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நடந்திருக்கிறது. எழுதுகிற நேரத்தில் வலை பின்னலாம் என்பது என் கருத்து.

ஓய்வு_எழுத்தர்:
தம்பி, அப்பாவை நினைத்து மனசு கனத்துவிட்டது. ஆனாலும் உங்கள் முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதிக் காலம் தள்ளியவன் நான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு விதி எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்ப்போம். சட்டத்தை நாடாளுமன்றமோ சட்டமன்றமோ போடும். எத்தனை மீட்டர், எத்தனை கடல் மைல், எந்த மாதம் என்கிற விவரங்களை விதியாக எழுதும் அதிகாரத்தைச் சட்டம் துறைக்குக் கொடுத்துவிடும். நம் பிழைப்பைத் தொடுவது பெரும்பாலும் இந்த விதிகள்தான். 'முன்கூட்டியே வெளியிட வேண்டும்' என்று சட்டம் சொல்லியிருந்தால், எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவான 1897ஆம் வருட ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 23ஆவது பிரிவு வரும். வரைவை வெளியிட வேண்டும், எந்தத் தேதிக்குப் பிறகு அதை எடுத்துக்கொள்வோம் என்று சொல்ல வேண்டும், அதற்குள் வந்த ஆட்சேபங்களைப் பரிசீலிக்க வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-ல் இதற்கு 60 நாள். இறுதி விதி அரசிதழில் வந்த பிறகு, சட்டம் போட்ட அவையில் வைக்க வேண்டும்.

இதனால் பலன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கரையோரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்த 1991-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைக்குப் பதிலாக, 2008-ல் 'கடற்கரை மேலாண்மை மண்டலம்' என்று ஒரு வரைவு போட்டார்கள். நாடு முழுக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் குழு போட்டார்கள், அந்த வரைவைக் காலாவதியாக விடச் சொல்லி அது அறிக்கை கொடுத்தது. வரைவு வந்து 365 நாளுக்குள் இறுதி செய்யாவிட்டால் செத்துவிடும் என்பது அன்றைக்கு இருந்த விதி. 2009 ஜூலையில் அது அப்படியே காலாவதி ஆனது. வரைவு என்ற ஒரு கட்டம் இருந்ததால்தான் அதைக் கருவிலேயே நிறுத்த முடிந்தது. நேராக அரசிதழில் வந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

பாம்பன்_கரைக்காரன்:
ஐயா, 2008-ஐ நானும் மறுக்கவில்லை. ஆனால் அதை நிறுத்தியது தாளா, ஆளா? கரை முழுக்க ஜனம் திரண்டதால் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2011-ல் புது அறிவிக்கை வந்தது. 2018 ஏப்ரலில் அதையும் மாற்ற வரைவு வந்தது. மீனவர் அமைப்புகள் ஆட்சேபம் அனுப்பின. 2019 ஜனவரி 18 அன்று இறுதி அறிவிக்கை வந்துவிட்டது. ஜன நெருக்கம் அதிகமுள்ள கிராமப்புறக் கரையில் கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கு இறங்கிவிட்டது. அந்த மீதி 150 மீட்டரில்தானே எங்கள் கருவாடு காய்கிறது?

கரையில் உட்கார்ந்து பேசிப் போட்ட ஒழுங்குதான் நிற்கிறது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் விசைப்படகு கடலுக்குப் போவது வாரத்துக்கு மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள். இரண்டு தரப்புக்கும் சண்டை வந்து, பேசி வந்த முறை அது. அதற்கு யார் ஆங்கிலத்தில் ஆட்சேபம் எழுதினார்கள்?

பாசிக்கார_மகள்:
அண்ணே, நான் சின்னப்பாலம் பக்கம். அம்மா இருபத்தைந்து வருடமாகக் கடலில் இறங்கிக் கடற்பாசி எடுக்கிறார்.

நீங்கள் சொல்கிற தேதியைப் பாருங்கள். 2018 ஏப்ரல் 18-லிருந்து 60 நாள் என்றால் ஜூன் நடுவில் முடியும். அது மீன்பிடித் தடைக்காலம். 2017-லிருந்து 45 நாள் 61 நாளாகி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது. ஆள் அத்தனையும் ஊரில்தான் இருந்தது. இருந்தும் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் அப்படி ஒரு வரைவு வந்ததே தெரியாது. இந்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். தில்லியில் அச்சான நாளிலிருந்து எங்கள் 60 நாளை எண்ணினால் எப்படி?

2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கும் இதுதான் நடந்தது. கொரோனா ஊரடங்கில் வெளியிட்டார்கள். தில்லி உயர் நீதிமன்றம் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொன்னது. அதைக்கூட வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஆனால் லட்சக்கணக்கில் கருத்துகள் போன பிறகு அந்த வரைவு இறுதியாகவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எழுதக் கூடாது என்று சொல்லாதீர்கள். தமிழில் வேண்டும் என்று முதல் வரியில் எழுதுவோம்.

மண்டபம்_மாணவன்:
நான் கடல் உயிரியல் படிக்கிறேன். எல்லோரும் கோபப்படலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எல்லா விதிக்கும் வரைவு, கருத்துக்கேட்பு, மறுவரைவு என்று போனால் கடலில் ஒன்றும் மிஞ்சாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை 1986-ல் அறிவித்தார்கள், 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். அதற்கு முன் வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டி அள்ளியதை என் தாத்தாவே சொல்வார். ஒரு இனம் அழிகிறது என்று தெரிந்த பிறகும் 60 நாள் அறிவிப்புக் கொடுத்தால், அந்த 60 நாளில் மிச்சத்தையும் அள்ளிவிடுவார்கள். பொதுநலனுக்காக அந்த அறிவிப்பைத் தவிர்க்கலாம் என்று அதே 1986 விதிகளில் வழி இருக்கிறது. அது தேவை என்பது என் கருத்து.

பாம்பன்_கரைக்காரன்:
தம்பி, அப்படிக் கேட்காமல் போட்ட விதி எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்கிறேன்.

கடலடியில் கிடக்கும் கடல் அட்டை என்ற உயிரினத்துக்கு முதலில் அளவு விதி இருந்தது. 1982-ல் 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்றார்கள். சின்னதை விட்டுவிடு, பெரியதை எடு. எங்கள் ஆட்களுக்குப் புரிகிற விதி அது. 2001 ஜூலையில் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் எல்லா அட்டையையும் சேர்த்தார்கள். புலிக்கு என்ன தண்டனையோ அட்டைக்கும் அதே. அந்தச் சட்டத்தில் அட்டவணையை மாற்ற, வரைவு போட்டு ஊரைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூச்சடக்கி முங்கி எடுத்த தொழில் ஒரே அறிவிக்கையில் குற்றமாகிவிட்டது. வேறு தொழில் தெரியாதவன் எங்கே போவான்? தடை போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மண்டபத்திலும் வேதாளையிலும் அட்டை பிடிபட்டது என்ற செய்தி நின்றதா? எடுப்பது நிற்கவில்லை. நேர்மையாக எடுத்தவன் விட்டுவிட்டான், கடத்துகிறவன் கையில் போய்விட்டது.

ஓய்வு_எழுத்தர்:
நீங்கள் சொன்ன அதே அறிவிக்கையில் இன்னொரு பாதி இருக்கிறது தம்பி. அதே 2001 ஜூலையில் சுறா, திருக்கை எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்திருந்தார்கள். மீனவர்களின் எதிர்ப்பு எழுந்தது. அந்த டிசம்பரிலேயே திருத்தினார்கள். எல்லாச் சுறாவும் என்பது போய், சில இனங்களின் பெயர் மட்டும் நின்றது. அட்டைக்குத் திருத்தம் வரவில்லை.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். சுறா எல்லா மாநில வலையிலும் விழும், பேச ஆள் நிறைய. அட்டை எடுத்தவர்கள் நம் கரையிலும் தூத்துக்குடிப் பக்கமும் கொஞ்சப் பேர். தில்லியில் அவர்களுக்குக் குரல் இல்லை. கொஞ்சப் பேருக்குத்தான் எழுத்து ரொம்பத் தேவை. ஆயிரம் பேர் திரள முடியாத இடத்தில், எந்த இனம், எந்த மாதம், எந்த ஆழம், எந்த அளவு என்று விவரமாக எழுதிய நாலு பக்கம் கோப்பில் நிற்கும். 'இந்த விதி எங்கள் வாழ்வை அழிக்கும், ரத்து செய்க' என்று வரும் நூறு மனுவையும் ஒரே வரியில் சுருக்கிவிடுவோம். நானே அப்படிச் சுருக்கியிருக்கிறேன். இடத்தின் பெயரும் அளவும் போட்டு வந்தால் அப்படிச் சுருக்க முடியாது. அதற்குத் தனிக் குறிப்பு எழுதியே ஆக வேண்டும்.

மண்டபம்_மாணவன்:
அட்டை விஷயத்தில் அளவு விதிக்கே திரும்ப வேண்டும் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு பேச வேண்டியது அது. ஆனால் ஐயா சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. பாசி எடுக்கிற அக்காக்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள்தான் எடுப்பது, பாறையை இரும்பால் சுரண்டுவதில்லை என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். எந்த அரசிதழிலும் வராத விதி அது. அவர்களிடம் கேட்டு எழுதியிருந்தால் நல்ல விதியாக வந்திருக்கும். இதை மறுக்க முடியவில்லை.

பாசிக்கார_மகள்:
அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "அந்த 12 நாளை எழுதிக் கொடுத்தால் நம்மைப் பூங்காவை விட்டு விரட்ட மாட்டார்களா" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பயம் எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் இருக்கிறது. எங்கே எடுக்கிறோம் என்று எழுதினால் அதுவே வாக்குமூலம் ஆகிவிடுமோ என்று. குழு போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

பாம்பன்_கரைக்காரன்:
சரி ஐயா, விவரமாக எழுதினால் கோப்பில் நிற்கும் என்கிறீர்கள். அப்பா எழுதச் சொன்னதும் விவரம்தான். இடத்தின் பெயர், எத்தனை பாகம் (கை விரித்த அளவு), எல்லாம் இருந்தது. அதற்கு என்ன குறிப்பு எழுதினார்கள்? எனக்கு அதுதான் கேள்வி. பதில் சொல்லக் கடமை இல்லாதவனிடம் எத்தனை தடவை பேசுவது?

ஓய்வு_எழுத்தர்:
அது நியாயமான கேள்வி. சட்டத்தில் உள்ள ஓட்டையும் அதுதான். 23ஆவது பிரிவு 'பரிசீலிக்க வேண்டும்' என்கிறது. 'பதில் சொல்ல வேண்டும்' என்று எங்கும் இல்லை. அரசிதழில் வந்துவிட்டாலே முறைப்படி செய்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு முடிகிறது. வேலையில் இருந்தபோது எனக்கு இது வசதியாக இருந்தது. இன்று உங்கள் ரசீதைப் பற்றிப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

வேறு இடத்தில் இப்படி இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு துறை விதி போட்டால் கருத்துக்கு 45 நாள். வந்த ஆட்சேபங்களைச் சுருக்கி எழுதி, ஏற்றதை எப்படி ஏற்றோம், தள்ளியதை ஏன் தள்ளினோம் என்று இறுதி அறிக்கையில் சொல்ல வேண்டும். வரைவில் கணிசமாக மாற்றினால், மாற்றிய பகுதிக்கு இன்னும் 15 நாள். அப்புறம் தனி அலுவலகம் ஒன்று சரிபார்த்த பிறகுதான் விதி நடைமுறைக்கு வரும். இங்கே 2014-ல் மத்திய அரசு ஒரு கொள்கை போட்டது. வரைவை 30 நாளாவது பொதுவில் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்று. கொள்கைதான், சட்டம் இல்லை.

கையில் உள்ள ஒரே கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 4(1)(ஈ) பிரிவு, பாதிக்கப்படுகிறவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்லச் சொல்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். 'இன்ன தேதியில் கொடுத்த ஆட்சேபத்தின் மேல் எழுதிய கோப்புக் குறிப்பின் நகல்' என்று கேளுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் தப்பித்துவிடுவார்கள், நகல் கேளுங்கள். ரசீது எண் வேண்டும். ரசீது பத்திரமாக இருக்கிறது என்றீர்களே.

பாம்பன்_கரைக்காரன்:
இருக்கிறது. எண் மங்கிவிட்டது, வெயிலில் பிடித்தால் தெரிகிறது.

குழு வேண்டாம் என்று சொன்னதை அடுத்த கூட்டத்தில் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை வைப்பேன். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் 60 நாள் முடிந்ததும் நகல் கேட்டு மனு போகணும். பதில் வராவிட்டால் சாலைக்குப் போவதை யாரும் தடுக்கக் கூடாது. ஐயா, அந்த மனுவை எனக்குத் தமிழில் எழுதித் தருவீர்களா?

ஓய்வு_எழுத்தர்:
இன்று இரவே எழுதி அனுப்புகிறேன். ரசீதைப் படம் எடுத்துப் போடுங்கள், எண் சரியாக வேண்டும்.

பாசிக்கார_மகள்:
அண்ணே, எங்கள் ஊர் ஆட்கள் வருவதானால் அமாவாசை கழிந்து ஏழாம் நாள் கூட்டம் வையுங்கள். அதற்கு முன்னால் அம்மாவெல்லாம் தண்ணீரில் இருப்பார்கள். இடத்தைக் குறிக்காமல் 12 நாள் கட்டுப்பாட்டை மட்டும் எழுத முடியுமா என்று அங்கே பேசுவோம்.