ஒரே 50 சிசி, ஆனா கையில ரெண்டும் ஒண்ணு இல்ல: நடுத்தர செயின்சா வச்சிருக்கிறவங்க அனுபவம் சொல்லுங்க

கட்டைவெட்டி:
ரெண்டு மாசமா இது மனசுலயே ஓடிட்டு இருக்கு, எழுதினாத்தான் தீரும். என்கிட்ட இருக்கிறது 50 சிசி, பிளாஸ்டிக் கேஸ், வாங்கி மூணு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் பெருசா குறை ஒண்ணும் சொன்னதில்ல. கூட வேலை பார்க்கிற அண்ணன்கிட்ட இருக்கிறதும் 50 சிசிதான், ஆனா புரொபஷனல் சீரிஸ், மெக்னீசியம் கேஸ். காத்துல சாஞ்சு கிடந்த ஒரு வேப்பமரம், அடிமரம் கிட்டத்தட்ட பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) நீளத்துக்கு இருக்கும். என்னோடது பாதி வரைக்கும் நல்லாத்தான் இறங்குச்சு, அதுக்கப்புறம் சத்தம் முனக ஆரம்பிச்சிருச்சு, அமுக்கினா செயின் நின்னுருது, லேசா தூக்கினா மறுபடி சுத்துது, இப்படியே அமுக்கி தூக்கி அமுக்கி தூக்கி தோள்பட்டை கழண்டு போச்சு.

அண்ணன் ஒண்ணும் பேசல. அவரோடத ஸ்டார்ட் பண்ணி என் வெட்டுக்கு நாலு விரல் தள்ளி வச்சாரு, மிஷினுக்கு முன்னாடி இருக்கிற இரும்பு முள்ளு பட்டைய கடிச்சதும் பின்கைப்பிடிய கொஞ்சமா மேல தூக்குனாரு, அவ்வளவுதான். கடைசி வரைக்கும் சத்தம் மாறவே இல்லீங்க. சில்லு என் பூட்ஸ் மேல வந்து விழுந்துட்டே இருந்துச்சு, ஒவ்வொண்ணும் நகம் அளவுக்கு. என் பக்கம் விழுந்திருந்தது அதுல பாதி கூட இல்ல. அதைத்தான் இன்னும் மறக்க முடியல. சிசி ஒண்ணு, எடையில கூட அவரோடதுதான் கம்மி, அப்புறம் எப்படி இது? உங்களுக்கு இந்த மாதிரி நடந்திருந்தா சொல்லுங்க.

ஆலநிழல்:
சிசிய வச்சு பவர் கணக்கு போடாதீங்க. ஸ்டில் எம்எஸ் 271, எம்எஸ் 261 ரெண்டுமே 50.2 சிசிதான். முதல்ல சொன்னது 2.6 கிலோவாட், 5.6 கிலோ. அடுத்தது 3.0 கிலோவாட், 4.9 கிலோ. ஹஸ்க்வர்னா 455 ராஞ்சர் 55.5 சிசி இருந்தும் 2.6 கிலோவாட்தான், அதே கம்பெனியோட 550 எக்ஸ்பி மார்க் 2 வெறும் 50.1 சிசில 3 கிலோவாட் தருது. சிலிண்டர்ல காத்தும் புகையும் போய்வர்ற ஓட்டைய, அதாவது போர்ட்ட, எப்படி வெட்டியிருக்கான், எவ்வளவு ஆர்பிஎம்ல ஓட விட்டிருக்கான், அதுலதான் விஷயமே இருக்கு.

என் அனுபவம் ஒண்ணே ஒண்ணுதான். 5 கிலோன்னு பேப்பர்ல படிச்சுட்டு வாங்கினேன், வீட்டுல பார், செயின் மாட்டி பெட்ரோல், ஆயில் நிரப்பி தராசுல வச்சா ஏழு கிலோவுக்கு கிட்ட காட்டுது. போடுற எடையெல்லாம் பார், செயின், பெட்ரோல் இல்லாம வெறும் தலை எடை. ஏணியில ஒரு கையால மரத்த பிடிச்சிட்டு நின்னப்போதான் அந்த ரெண்டு கிலோ என்னன்னு தெரிஞ்சுது. உடனே இறங்கிட்டேன், அதுக்கப்புறம் ஏணி மேல நின்னு அந்த மிஷின தொட்டதே இல்ல.

பட்டறைவாசல்:
என் கதை சின்னது. பேர் தெரியாத கம்பெனி மிஷின், கவர் மேல கொட்டை எழுத்துல 58 சிசின்னு ஸ்டிக்கர். ஒருநாள் சிலிண்டர் கழட்ட வேண்டி வந்துச்சு, கையில வெர்னியர் இருந்துச்சு, அளந்து பார்த்தேன். போர் (சிலிண்டர் உள்விட்டம்) 45.2 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 32.5 மி.மீ. பேப்பர்ல கணக்கு போட்டேன், 52 சிசி. தப்பா அளந்துட்டேனோன்னு மறுபடி அளந்தேன், திரும்பவும் 52தான். அந்த ஸ்டிக்கர அப்பவே நகத்தால உரிச்சு எறிஞ்சேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த 52 சிசி மிஷின் வெட்டாதுன்னு சொல்லவே மாட்டேன், நல்லா வெட்டுது, பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்குது, ஒண்ணோட கார்புரேட்டர் இன்னொண்ணுக்கு அப்படியே உட்காருது. போறதெல்லாம் சின்ன சின்ன சாமான்தான். பார் நட் போடுற போல்ட்டு மரை ரெண்டு தடவை வழுக்கிருச்சு, பிரேக் கைப்பிடி ஒரு தடவை உடைஞ்சிருச்சு. வாரத்துல ஒருநாள் வேலைக்கு சரி, தினமும் ஓட்டுறவங்களுக்கு சரி வராது.

மண்வாசம்:
@ஆலநிழல் கிலோவாட்ட மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாதுங்க, அந்த கிலோவாட் எத்தன வருஷம் நிக்குதுன்னு பாருங்க.

என்னோடது சாகுறதுக்கு முன்னாடி பாடுச்சு. உண்மையாத்தான் சொல்றேன். மத்தியானம் வரைக்கும் எப்பவும் போல கரகரன்னு ஓடிட்டு இருந்தது, திடீர்னு சத்தம் மெலிசாகி மேல மேல ஏறுது, வீச்சுனு. ஆஹா இன்னைக்கு மிஷின் நல்லா கிளம்பியிருக்கேன்னு சந்தோஷப்பட்டேன் பாருங்க, அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் மன்னிக்க முடியல. ஒரு நிமிஷம் கூட இல்ல, சட்டுனு நின்னுருச்சு, கயிற இழுத்தா கல்லு மாதிரி இருக்கு. சைலென்சர கழட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தா பிஸ்டன்ல மேலிருந்து கீழ வரைக்கும் கோடு கோடா கீறல், அலுமினியம் சிலிண்டர் சுவர்ல அப்பியிருக்கு.

கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர்ல முடி அளவுக்கு ஒரு விரிசல். அது வழியா காத்து போயிருக்கு, காத்து கூடுச்சுன்னா பெட்ரோல் கம்மி, பெட்ரோல் கம்மின்னா அதுல கலந்திருக்கிற ஆயிலும் கம்மி. ஆயில் கலந்தது சரியாத்தான், லிட்டருக்கு 20 மில்லி, ஒரு சொட்டு குறையல. அதனால சொல்றேன், மிஷின் வழக்கத்த விட நல்லா கத்துதுன்னா சந்தோஷப்படாதீங்க, உடனே ஆஃப் பண்ணுங்க.

அரம்:
எல்லாரும் என்னென்னமோ பேசுறீங்க, @கட்டைவெட்டி தம்பி எழுதினதுலயே பதில் இருக்கு. அண்ணன் பக்கம் சில்லு, தம்பி பக்கம் அதுல பாதி சைஸ். மிஷின்ல குறை இல்ல தம்பி, செயின்ல மொன்னை.

நானும் ஒருதடவை புது மிஷின் வாங்கிட்டு பழசே தேவலன்னு புலம்பினவன்தான், ஒரு பெரியவர் வந்து என் செயின வாங்கி பல்லு மேல கட்டைவிரல் நகத்த வச்சுப் பார்த்தாரு, நகம் வழுக்கிட்டுப் போச்சு. அவர் தீட்டுன பல்லுல வச்சேன், நகத்துல ஒட்டிக்கிச்சு. கதை அவ்வளவுதான்.

இப்ப கேட்டுக்கோங்க. 0.325 பிட்ச் (செயின் கண்ணிகளோட இடைவெளி, அங்குலத்துல) செயினுக்கு 4.8 மி.மீ வட்ட அரம், வேற சைஸ் தொடாதீங்க. 30 டிகிரி, பல்லு மேலயே கோடு போட்டிருப்பான் பாருங்க, அதுக்கு நேரா பிடிங்க. உள்ளேயிருந்து வெளிய ஒரே பக்கமா தள்ளணும், திரும்ப வரும்போது அரத்த தூக்கிடணும், முன்னயும் பின்னயும் தேய்க்கிறவங்க அரத்தையும் பல்லையும் சேர்த்து கெடுக்கிறாங்க. எல்லா பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, மூணு தள்ளுன்னா மூணுதான், ஒரு பக்கம் நீளம் ஒரு பக்கம் குட்டைன்னா வெட்டு வளைஞ்சுதான் போகும், அப்புறம் பார் கோணிப்போச்சுன்னு புலம்புவீங்க. பெட்ரோல் நிரப்புற ஒவ்வொரு தடவையும் ரெண்டு தள்ளு கொடுத்துட்டா சாயங்காலம் உட்கார்ந்து மாரடிக்க வேண்டாம். மரத்து அடிப்பட்டையில மண் ஒட்டியிருந்தா மொதல்ல கோடாலியால செதுக்கிடுங்க, ஒரு தடவை மண்ணுல உரசினா போதும் காலைல தீட்டினது முழுக்க போச்சு. தென்னை வேற மாதிரி, அந்த மரத்துக்குள்ளயே சிலிக்கா இருக்கு, நல்ல செயினே நாலு வெட்டுல மழுங்கிடும், அதுக்குன்னு பழைய செயின் ஒண்ணு தனியா வச்சுக்கோங்க. பல்லுக்கு முன்னாடி திமில் மாதிரி ஒண்ணு இருக்குல்ல, டெப்த் கேஜ், அது பல்ல விட 0.65 மி.மீ தாழ இருக்கணும், அது உசரமா நின்னா எவ்வளவு தீட்டினாலும் பல்லு மரத்த தொடாது. நான் கொஞ்சம் கூடவே இறக்கிடுவேன், வேகமா வெட்டும்.

தென்றல்:
@அரம் அண்ணே, மத்ததெல்லாம் ஒத்துக்கிறேன், கடைசி வரிய மட்டும் தயவு செஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க. டெப்த் கேஜ அளவுக்கு மேல இறக்கினா பல்லு அளவுக்கு மீறி கடிக்கும், கிக்பேக், அதாவது பார் திடீர்னு நம்ம பக்கம் எகிறி வர்றது, கூடும். என் மிஷின்ல அப்படித்தான் ஒருத்தர் தீட்டிக் கொடுத்தாரு.

கிளை கழிச்சிட்டு இருந்தேன். இலைக்குப் பின்னாடி இன்னொரு கிளை இருந்தது கண்ணுக்குத் தெரியல, பார் மூக்கோட மேல்பாதி அதுல இடிச்சிருச்சு. என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்லவே முடியல, கண்ணுக்கு முன்னாடி பார் செங்குத்தா நிக்குது, முன்னாடி பிரேக் கார்டு டக்குனு விழுந்த சத்தம் மட்டும் காதுல இருக்கு. செயின் நின்னுருச்சு. ஹெல்மெட்டுக்கும் செயினுக்கும் நடுவுல ஒரு சாண் இருந்திருக்கும். இடது கட்டைவிரல் கைப்பிடிய சுத்திப் பிடிச்சிருந்ததாலதான் மிஷின் கையில நின்னுச்சு.

அதுலேருந்து எந்த மிஷின் வாங்கப் போனாலும் பவர் பத்தி கேக்கிறதுக்கு முன்னாடி பிரேக்கத்தான் பார்க்கிறேன். இஞ்சின் ஓடாதப்போ, பிரேக் போடாம, மிஷின மரக்கட்டைக்கு மேல ஒரு முழம் உசரத்துல பிடிச்சுக்கிட்டு முன்கைய விட்டுடுங்க, மூக்கு கட்டையில இடிக்கிற அந்த அதிர்ச்சியிலயே கார்டு தானா விழணும். நான் பார்த்த ரெண்டு மலிவு மிஷின்ல விழல. அது எத்தன கிலோவாட்டா இருந்தா என்ன, எனக்கு வேண்டாம்னுட்டேன்.

மலைச்சாரல்:
என்னோடது நடுராத்திரி கூட ஞாபகம் வரும். நின்ன மரம், முன்பக்கம் ஆப்பு வெட்டி எடுத்தாச்சு, பின்வெட்டு பாதி போயாச்சு, பெட்ரோல் தீந்துருச்சு. சரின்னு நிரப்பிட்டு கயிற இழுக்கிறேன், எடுக்கல. சோக் போட்டு இழுக்கிறேன், எடுக்கல. நல்ல வெயில், இஞ்சின் கொதிக்குது, கார்புரேட்டர்ல பெட்ரோல் ஆவியாகி நிக்குது, இன்னும் அரைமணி நேரம் ஆறினாத்தான் எடுக்கும்னு எனக்கே தெரியும். ஆனா மரத்துக்குத் தெரியாதே. காத்து லேசா அடிக்குது, வெட்டு வாய் திறந்து மூடுது, திறந்து மூடுது, உள்ள நார் பிரியுற சத்தம் டிக் டிக்னு கேக்குது. அந்த இடத்த விட்டு எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு பிளாஸ்டிக் ஆப்ப மட்டும் வெட்டுக்குள்ள அடிச்சு வச்சுட்டு நானும் தூரப் போயிட்டேன். நாற்பது நிமிஷம். அவ்வளவு நேரமும் அந்த மரத்தையே பார்த்துட்டு நின்னேன்.

சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல சூட்டுக்குத் தடுப்பு சரியில்லாத மிஷின் அது. இப்ப வாங்கறவங்க யாராயிருந்தாலும் காலைல ஆறின மிஷின ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டு வந்துடாதீங்க. பத்து நிமிஷம் நல்லா ஓட்டுங்க, ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க, அப்புறம் இழுத்துப் பாருங்க. அதுலயே தரம் தெரிஞ்சிரும். பின்வெட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டேங்க் ஃபுல்லா இருக்கணும்ங்கிறது நான் கத்துக்கிட்டது, அது மிஷின் மேல குறை இல்ல, என் குறை.

அரம்:
@தென்றல் சரிம்மா. டெப்த் கேஜ் விஷயத்துல நீ சொல்றதுதான் சரி, யாரும் 0.65 மி.மீக்கு மேல இறக்காதீங்க. நான் தரையில கிடக்கிற கட்டைய மட்டும் வெட்டுறவன், கிளை வேலை பார்க்கிறவங்கள யோசிக்காம எழுதிட்டேன்.

ஆனா தம்பியோட செயின் மொன்னைதான், அதுல மாத்தமில்ல.

கட்டைவெட்டி:
@அரம் அண்ணே, செயின் மொன்னை இல்ல, அன்னைக்குக் காலைலதான் பாக்கெட்ட பிரிச்சு புதுசா மாட்டினேன். ஆனா நீங்க சொன்னதுக்கப்புறம் ரெண்டு செயினையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன், அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. என்னோடதுல ஒவ்வொரு டெப்த் கேஜுக்கும் பக்கத்துல இன்னொரு மேடு இருக்கு, பல்லோட மூலை உருண்டையா இருக்கு. கிக்பேக் குறைக்கிறதுக்குன்னு மிஷினோடயே வர்ற சேஃப்டி செயினாம். அவரோடது ஃபுல் சிசல், பல்லு மூலை சதுரமா கூரா நிக்குது. ரெண்டும் 0.325 பிட்ச், ஒரே தடிமன், ஒரே நீள பார். அப்படியே மாத்தி மாட்டினோம்.

மிச்சம் கிடந்த அதே வேப்பங்கட்டையில மிஷினுக்கு மூணு வெட்டுன்னு போட்டுப் பார்த்தோம், போன்ல நேரம் பார்த்தது அண்ணன் மக. முதல்நாள் இருந்த வித்தியாசத்துல பாதிக்கு மேல காணாம போச்சு. அவரோட மிஷின் சேஃப்டி செயின்ல தடுமாறல, ஆனா நிதானமாயிருச்சு. என்னோடது ஃபுல் சிசல்ல வேகமா இறங்குது, பார் முழுக்க உள்ள போனதுக்கப்புறம் மட்டும் சத்தம் கொஞ்சம் இறங்குது, அது ஆலநிழல் சொன்ன 2.6 கிலோவாட்டுக்கும் 3.0 கிலோவாட்டுக்கும் உள்ள வித்தியாசமா இருக்கும்.

ஆனா வெட்டி முடிச்சு ரெண்டையும் கீழ வச்சப்போ கைய நீட்டிப் பார்த்தேன், என்னோடத ஓட்டினதுக்கப்புறம் விரல்ல ஒரு கூச்சம் ரொம்ப நேரம் இருந்துச்சு, அவரோடத ஓட்டினப்போ இல்ல. அதுல கைப்பிடிக்கும் இஞ்சினுக்கும் நடுவுல ஸ்பிரிங் இருக்கு, என்னோடதுல ரப்பர், அதுவும் மூணு வருஷத்துல இறுகிப் போயிருக்கு. ரப்பர் மாத்தினா சரியாகுமா, யாராவது மாத்தியிருக்கீங்களா?

பட்டறைவாசல்:
மாத்தியிருக்கேன், நல்ல வித்தியாசம் தெரியும். எல்லா ரப்பரையும் சேர்த்து மாத்துங்க, ஒண்ணு ரெண்டு மட்டும் மாத்தினா பிரயோஜனம் இல்ல. ஃபுல் சிசல் ஓட்டப் போறீங்கன்னா @தென்றல் சொன்ன பிரேக் டெஸ்ட மொதல்ல பண்ணிடுங்க.

கட்டைவெட்டி:
பண்ணிட்டேன். மூணு தடவையும் விழுந்துச்சு.