குறைந்த விலை வின்ச்: வாங்கிப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, என் ஜீப்பின் முன்பக்கம் மாட்ட ஒரு மின்சார வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுத்து வண்டியை மீட்கும் கருவி) தேடுகிறேன். பெரிய பிராண்டுக்கு வசதியில்லை, ஆனால் சேற்றில் புதைந்து நிற்கும்போது கைவிடாத ஒன்று வேண்டும்.

சாமான், ஆட்களோடு வண்டி 2,500 கிலோ வரும். குறைந்தது ஒன்றரை மடங்கு இழுதிறன் வேண்டும் என்பதால் 9,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4,300 கிலோ, போதும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த எண் டிரம்மில் (கயிறு சுற்றும் உருளை) கயிற்றின் முதல் சுற்று அடுக்குக்கு மட்டும்தானே, மேலே அடுக்கு ஏற ஏற இழுவை குறைந்துகொண்டே போகும், அதனால் மலிவான வின்ச்சில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் என் பெரிய கவலை. ஸ்னாட்ச் பிளாக் (கயிற்றை மடக்கி இழுக்க உதவும் கப்பி) போட்டால் வின்ச்சின் மேல் பாரம் கிட்டத்தட்ட பாதியாகும், வேகமும் பாதியாகும், அது பரவாயில்லை.

அப்புறம் கயிறு. ஸ்டீல் கம்பி அறுந்தால் ஆளை அடித்துவிடும் என்பதால் சிந்தெடிக் (செயற்கை இழை) கயிறு பக்கம்தான் மனம் போகிறது. ஆனால் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கும் மாடல்களில் கயிற்றைப் பாரத்தோடு இறக்கும்போது வரும் சூட்டைச் சிந்தெடிக் தாங்குமா? வெயிலும் மணலும் வேறு அதை அரிக்கும்.

முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் வரை இழுக்குமாம், கம்பெனி பேட்டரியே போதுமா?

முக்கியமாக, தண்ணீரில் இறக்கிய பிறகு சாலினாய்டும் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) மோட்டாரும் எத்தனை வருடம் உழைத்தன, உதிரி பாகம் கிடைத்ததா என்று சொன்னால் பெரிய உதவி.