மின்சாரத்தை வெட்டிப் போட்டாலும் எழாத சோதனைக் கணினி: உதவி தேவை

தோட்டத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட்):
வணக்கம். மளிகைக் கடை மாடியறையில் ஆறு பழைய கணினிகளை ஆட்டோடெஸ்ட் என்னும் தானியங்கிச் சோதனை அமைப்பின் கிளையன்டுகளாக (சர்வர் சொல்லும் சோதனையை ஓட்டும் கணினிகளாக) ஓட்டுகிறேன். இரவில் இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலின் புதிய பதிப்புகளைச் சோதிப்பதுதான் வேலை. ஒன்று உறைந்துபோனால் சர்வர் எஸ்எஸ்ஹெச் என்னும் தொலை இணைப்பு வழியாகத் தட்டிப் பார்க்கும். பதில் இல்லையென்றால், நான் எழுதிய நிரல் ஸ்மார்ட் பிளக்கை (நிரலால் போட்டு அணைக்கக்கூடிய மின் பிளக்) அணைத்து, 10 விநாடி கழித்துப் போடும். ஐந்து கணினிகள் எழுந்துவிடுகின்றன. நான்காவது மட்டும் அணைந்தே கிடக்கிறது. காலையில் செம்பனை லாரிகளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஊர்ந்து போய்ப் பொத்தானை அழுத்தினால், ஒன்றுமே நடக்காததுபோல் எழுகிறது! மூன்று வாரமாக இதே பிழைப்பு.

ஈப்போ அண்ணன்:
தம்பி, மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள் நிரல்) அமைத்தீர்களா? பல மதர்போர்டுகள் அணைந்தே இருக்கும்படிதான் வருகின்றன.

தோட்டத்துப்பிள்ளை:
இரண்டு முறை மாற்றினேன் அண்ணே. மறுதொடக்கம் செய்தும் பார்த்தேன், அமைப்பு அப்படியே இருந்தது. மறுநாள் போனால் பழைய கதை. இன்னொன்று, கெர்னல் பதிவின் தொடக்கத்தில் கடிகாரத்தை 2012 ஜனவரி 1 என்று வைப்பதாக ஒரு வரி வருகிறது. சோதனைக்கு இடைஞ்சல் இல்லாததால் விட்டுவிட்டேன்.

பழுதுக்கடை அக்கா:
விட்டது அதைத்தான் தம்பி! கடிகாரத்தையும் பயாஸ் அமைப்பையும் காப்பதற்காகப் போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, செத்துவிட்டது. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரம் பயாஸ் அமைப்பைக் காப்பாற்றும். மறுதொடக்கத்தில் தப்பியது அதனால்தான். பிளக்கை அணைத்தவுடன் எல்லாம் அழிந்து, ஆலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பிவிடுகிறது. நீங்கள் எழுப்புவதற்காக எழுதிய நிரலே அதைப் படுக்க வைக்கிறது. மீட்டர் வைத்துப் பாருங்கள், புதியது 3 வோல்ட் காட்டும்.

ஈப்போ அண்ணன்:
அக்கா சொன்னதுதான். கூடவே கெர்னல் தொடக்க வரியில் பேனிக் (மீளமுடியாத பிழையில் கெர்னல் நின்றுபோவது) மதிப்பை 10 ஆக்குங்கள். இயல்பான 0 என்றால் பேனிக் ஆன கணினி அப்படியே நின்றுவிடும். 10 வைத்தால் பத்து விநாடியில் தானே மறுதொடக்கம் ஆகும். முழுக்க உறைந்தால் மட்டும் பிளக்கைத் தொடுங்கள்.

தோட்டத்துப்பிள்ளை:
மீட்டர் 0.9 காட்டியது அக்கா! கடிகாரக் கடையில் புதிய பேட்டரி வாங்கிப் போட்டு, பயாஸை மறுபடி அமைத்தேன். நேற்றிரவு இரண்டு முறை விழுந்து இரண்டு முறையும் தானாக எழுந்தது. மற்றவற்றையும் அளந்து பார்த்ததில் ஆறாவது 2.4 காட்டுகிறது. அதற்கும் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.