டெல்லியில கோல்ஃப் ஆடுற நம்ம ஆளுங்க, ஒவ்வொரு ஹோலையும் எப்படி யோசிச்சு ஆடுறீங்க? அனுபவம் சொல்லுங்க

முனிர்கா வாசி:

வணக்கம் மக்களே. போன பொங்கல் விழால பேசிட்டு இருக்கும்போதுதான் தெரிஞ்சுது, ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேர் கோல்ஃப் ஆடறாங்கன்னு. ஸ்விங் பத்தி யூடியூப்ல கொட்டிக் கிடக்கு, ஆனா ஒரு ஹோல்ல நின்னு எந்த கிளப் (மட்டை) எடுக்கணும், எந்தப் பக்கம் அடிக்கணும்னு எப்படி முடிவு பண்றது, அதைத்தான் இங்க பேசணும்னு ஆசை. நானே ஆரம்பிக்கறேன்.

நான் ஆடறது லாடோ சராய்ல இருக்கற குதுப் கோல்ஃப் கோர்ஸ். டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) நடத்துறது, நாட்டுலயே முதல் பப்ளிக் கோர்ஸ், மெம்பர்ஷிப் இல்லாம காசு கட்டி ஆடலாம். அங்க எனக்கு வழக்கமா வர்ற கேடிக்கு அறுபது வயசு இருக்கும், சின்னப் பையனா இருந்ததுல இருந்து பை தூக்குறவர். ஒரு பார் 4, அதாவது நாலு அடில முடிக்கணும்னு கணக்கு வச்ச ஹோல், சுமார் 360 யார்டு, ஃபேர்வே (வெட்டின புல் பாதை) இடது பக்கமா வளையும், அந்த வளைவு முழுக்க விலாயதி கீக்கர், அதாவது நம்ம ஊரு சீமைக்கருவேலம், முள்ளுக்குள்ள பால் போச்சுன்னா கை விட முடியாது. நான் டிரைவருக்கு, அதான் ரொம்ப தூரம் அடிக்கற பெரிய கிளப்புக்கு, கை நீட்டறேன், மனுஷன் அதோட கவர் மேல கைய வச்சுக்கிட்டு குடுக்கவே இல்ல. "சாப், பெஹ்லே பதாயியே, மிஸ் கிதர் கர்னா ஹை?"ன்னு கேட்டார். எங்க அடிக்கப்போறேன்னு கேக்கல பாருங்க, தப்பினா எந்தப் பக்கம் தப்பணும்னு கேட்டார். வலது பக்கம்னா வெறும் புல்லுதான், அங்க இருந்து அடுத்த ஷாட் இருக்கு. இடது பக்கம்னா அடுத்த ஷாட்டே கிடையாது.

அப்புறம் அத விடச் சின்ன கிளப்பான ஹைப்ரிட்ட எடுத்துக் கைல குடுத்தார். கணக்கு ரொம்ப சிம்பிள்: 180 யார்டு ஹைப்ரிட், 130 ஏழாம் நம்பர் அயன், மிச்சம் 50 ஒரு வெட்ஜ், குழி இருக்கற கிரீன்ல ரெண்டு பட் (உருட்டற அடி), முடிஞ்சுது, போகி, அதாவது பாருக்கு ஒண்ணு கூட. என் ஹேண்டிகேப் 18, அப்ப எல்லா ஹோல்லயும் எனக்கு ஒரு ஸ்ட்ரோக் சலுகை கிடைக்குது, போகி அடிச்சாலே நெட் பார், ஸ்டேபிள்ஃபோர்டு பாயிண்ட் முறைல ரெண்டு பாயிண்ட். 18 ஹோலும் அப்படியே ஆடினா 36 பாயிண்ட், கிளப் போட்டில அது மரியாதையான ஸ்கோர். மூணு நிதானமான ஷாட்ல கிடைக்கற போகிய விட்டுட்டு, ஒரு பெரிய ஷாட் அடிச்சு பார் எடுக்கப் போறேன்னு முள்ளுக்காட்டுல எட்டு ஒன்பதுன்னு எழுதறவங்கள வாராவாரம் பாக்கறேன்.

இந்த கேடிங்கள நாம ரொம்ப மதிக்கணும்ங்க. இந்தியன் ஓபன 1991லயும் 1993லயும் ஜெயிச்ச அலி ஷேர் கேடியா இருந்து வந்தவர்தான், டெல்லிக்காரர். கோர்ஸ அவங்க படிச்சிருக்கற மாதிரி எந்த ஆப்பும் படிக்கல.

துவாரகா செக்டர் 12:

சார் சொன்னது நூத்துக்கு நூறு. 2025 அக்டோபர்ல டெல்லி கோல்ஃப் கிளப்ல டிபி வேர்ல்ட் இந்தியா சாம்பியன்ஷிப் நடந்துதே, நான் போயி கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். ரோரி மெக்கில்ராய் அந்த வருஷம்தான் மாஸ்டர்ஸ்ங்கற பெரிய போட்டிய ஜெயிச்சவர், உலகத்துலயே டிரைவர் அடிக்கறதுல அவர மிஞ்ச ஆள் கஷ்டம், அவரே ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார் இந்த வாரம் டிரைவர் அடிக்கறதா இல்லன்னு. அந்த கிளப்போட லோதி கோர்ஸ நேர்ல பார்த்தாதான் ஏன்னு புரியும், ஃபேர்வேன்னு சொல்றது ஒரு சந்து, ரெண்டு பக்கமும் புதர், அதுக்குள்ள மயிலு, நடுவுல லால் பங்களா சமாதி வேற. புதருக்குள்ள போன பால தேடிக் கண்டுபிடிச்சாலும் அடிக்க இடம் இருக்காது. அதனால டீல, அதாவது முதல் ஷாட் அடிக்கற இடத்துல இருந்து சின்ன கிளப், செகண்ட் ஷாட்டு கொஞ்சம் நீளமானாலும் பரவாயில்லன்னு ஆடினாங்க. கடைசில ஜெயிச்சது டாமி ஃப்ளீட்வுட், 22 அண்டர், அதாவது பாருக்கு 22 கம்மி. தூரமா அடிக்கறதுக்குப் பேர் போன ஆள் இல்ல அவர், நேரா அடிக்கறவர்.

டீ பாக்ஸ்ல எல்லாரும் பாக்கறாங்கன்னு பெரிய கிளப் எடுக்கற பழக்கம் நம்ம ஆபீஸ் குரூப்ல நிறைய பேருக்கு இருக்கு, அவங்க எல்லாரும் இந்தக் கோர்ஸ ஒரு தடவை நடந்து பாக்கணும்.

பெங்களூர்ல இருந்து மாறி வந்தவன்:

நான் பெங்களூர் கேஜிஏல (கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன்) ஆடிப் பழகினவன். பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டர் மேல, டெல்லி 200 சொச்சம்தான், அங்க காத்து லேசு. ஒரே ஸ்விங், ஒரே பால், ஆனா அங்க 150 போற அயன் இங்க சில யார்டு கம்மி. ஜனவரில பனியும் குளிருமா இருக்கும்போது இன்னும் குறையும், புல்லு ஈரத்துல உருண்டு ஓடறதும் கிடையாது, அதனால காலைல ஒரு சைஸ் பெரிய கிளப் எடுக்கறதுதான் வழக்கம். மே மாசம் நேர் எதிர், தரை காஞ்சு கெட்டியா இருக்கும், விழுந்ததுக்கு அப்புறம் பால் ஓடும், கிரீனுக்கு முன்னாடியே விழ வச்சு உருள விடணும். ஒரே ஹோலு, ரெண்டு சீசனுக்கு ரெண்டு பிளான். இங்க இருக்கறவங்க இத எழுதி வச்சுக்குங்க, நிஜமா உதவும்.

வசுந்தரா என்க்ளேவ்:

அண்ணாக்கள் எல்லாரும் டீ ஷாட்டையே பேசறீங்க, நான் கிரீன் பத்தி சொல்றேன். ஒரு தடவை நாலு பேர் ஆடற ஃபோர் பால்ல ரிட்டயர்டு ஆர்மி அங்கிள் ஒருத்தர் கூட ஆடினேன், எழுபது தாண்டினவர், டிரைவ் 160 போனா பெரிசு. ஆனா கிரீன நோக்கி அப்ரோச் ஷாட் அடிக்கும்போது கொடி எங்க இருக்குன்னு அவர் பாக்கவே மாட்டார், கிரீனோட நடு எத்தனை யார்டுன்னு மட்டும் கேட்பார், அங்கதான் அடிப்பார். கொடி பங்கர் (மணல் குழி) பக்கத்துல ஒளிஞ்சிருக்கு, நாங்க மூணு பேரும் அத நோக்கி அடிச்சு மணல்ல நிக்கறோம், அவர் பாட்டுக்கு முப்பது அடில இருந்து ரெண்டு பட் போட்டுட்டு அடுத்த டீக்கு நடந்து போறார்.

இதுல ஒரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். டூர்ல ஆடற ப்ரோவே எட்டடி பட்ல பாதிதான் உள்ள போடறான். அப்ப கொடிக்குப் பக்கத்துல வச்சுடணும்னு நாம படற பாட்டுல கிடைக்கற லாபம் ரொம்பக் கொஞ்சம், பங்கர்ல விழுந்தா போறது ஒண்ணு ரெண்டு ஸ்ட்ரோக். இன்னொண்ணு, அங்கிள் கேடி கிட்ட எப்பவும் "ஊப்பர் யா நீச்சே?", அதாவது மேலயா கீழயான்னு கேட்பார். கொடிக்குக் கீழ பக்கமா பால் நின்னா மேல் நோக்கி பட் பண்ணலாம், தைரியமா அடிக்கலாம். மேல் பக்கம் நின்னா தொட்டாலே ஓடும்.

முனிர்கா வாசி:

அருமைமா, அந்த அங்கிள் மாதிரி ஆளு கூட ஆடினாலே பாதி பாடம். முள்ளுக்குள்ள போனா என்ன பண்றதுன்னு ஒரு தம்பி தனியா மெசேஜ்ல கேட்டிருந்தார், இங்கயே சொல்லிடறேன். தேட மூணு நிமிஷம்தான், 2019க்கு முன்னாடிதான் அஞ்சு. கிடைச்சுது ஆனா அடிக்க முடியாதுன்னா அன்பிளேயபிள் எடுங்க, ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி: பால் கிடந்த இடத்துல இருந்து ரெண்டு கிளப் நீளத்துக்குள்ள கொடிய நெருங்காம டிராப் (பால கீழ போட்டு ஆடறது), இல்ல கொடிக்கும் பாலுக்கும் ஒரு நேர்கோடு பிடிச்சு அதுல பின்னாடி போயி டிராப், இல்ல போன ஷாட் அடிச்ச இடத்துக்கே திரும்பறது. கீக்கருக்குள்ள ரெண்டு கிளப் நீளம்ங்கறது பெரும்பாலும் இன்னொரு கீக்கர்லதான் போய் நிக்கும், அதனால நேர்கோட்டு ஆப்ஷன முதல்ல பாருங்க. பால் தொலைஞ்சிருக்கும்னு சந்தேகம் வந்தா முன்னால நடக்கறதுக்கு முன்னாடியே "ப்ரொவிஷனல்" (தற்காலிக பால்)னு கூட ஆடறவங்க கிட்ட வாய் விட்டு சொல்லிட்டு இன்னொண்ணு அடிச்சிடுங்க. சொல்லாம அடிச்சா அந்த பாலே கணக்குல வந்துடும், முதல் பால் நல்ல இடத்துல கிடந்தாலும் எடுத்துக்க முடியாது.

பரிதாபாத், குர்காவ்ன் பக்கம் ஆடறவங்க இன்னும் யாரும் எழுதல, உங்க கோர்ஸ்ல தண்ணி இருக்கற ஹோல்கள எப்படி ஆடறீங்கன்னு சொல்லுங்க.