ஏரியல் பெர்ஸ்பெக்டிவ்: ‘சேய்மை மங்கல்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். தொலைவிலுள்ள பொருள்கள் நடுவே நிற்கும் காற்றால் நிறமும் தெளிவும் குறைந்து தெரிவதை ஓவியத்தில் காட்டும் முறைக்கு ஆங்கிலத்தில் ஏரியல் பெர்ஸ்பெக்டிவ் (aerial perspective) என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த இரண்டு பரிந்துரைகளுக்கு என் மறுமொழி இது.

> ‘வான்வழித் தொலைநோக்கு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

என்னால் ஏற்க முடியவில்லை. வான்வழி என்றதும் விமானம்தான் நினைவுக்கு வரும். மேலிருந்து பார்த்து வரைந்த படம் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். லியொனார்டோ டா வின்சி இத்தாலிய மொழியில் குறித்தது, கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே நிற்கும் காற்றை. ஒரு கட்டடம் ஐந்து மடங்கு தொலைவில் இருந்தால் ஐந்து மடங்கு நீலம் கூட்டச் சொன்னவர் அவர்.

> அப்படியானால் ‘சேய்மை வெளிறல்’?

நெருங்கிவிட்டீர்கள் ஐயா. அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்று பள்ளியிலேயே படித்திருப்பதால் ‘சேய்மை’ யாருக்கும் புதிதல்ல. என் தடை ‘வெளிறல்’ மீதுதான். சென்ற வாரம் காலையில், சென்னை மெரினாவில் மாநிலக் கல்லூரிக்கு எதிரே மணலில் அமர்ந்து தெற்கு நோக்கி நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தேன். விவேகானந்தர் இல்லத்துக்கு அப்பால் கலங்கரை விளக்கம். அதன் சிவப்புப் பட்டைகள் வெளிறித்தான் இருந்தன. வெள்ளைப் பட்டைகளோ, அழுக்கேறியவைபோல ஒளி குறைந்திருந்தன. இரண்டுமே அடிவானத்தின் நிறத்தை நோக்கி நகர்ந்திருந்தன. அதற்கும் பின்னால் சாந்தோம் தேவாலயத்தின் வெண்கோபுரம். அதைத் தாளின் வெண்மையாகவே விட்டேன். படத்தில் அது கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் வந்து நின்றது! மெல்லிய சாம்பல் பூச்சு ஒன்று கொடுத்த பிறகே தன் இடத்துக்குப் போனது.

பெயரில் நீலத்தையும் சேர்க்க வேண்டாம். தொலைமலைகளுக்கு அது சரி. நம் கடற்காற்றில் உப்புத் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. மூட்டம் வெண்மையாகவே தெரிகிறது.

ஆகவே ‘சேய்மை மங்கல்’. நிறம் மங்கும், விளிம்பு மங்கும், ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடும் மங்கும்; எல்லாவற்றுக்கும் ஒரே வினை போதும். “அந்தக் கோபுரத்துக்குச் சேய்மை மங்கல் போதவில்லை” என்று என் ஓவிய வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மாணவி விளக்கம் கேட்கவில்லை. தூரிகையை நீரில் தோய்த்தார்.

தொலைவிலுள்ளவை சிறுத்துத் தெரிவதைக் கோடுகளால் காட்டும் லீனியர் பெர்ஸ்பெக்டிவுக்குச் (linear perspective) ‘சேய்மைக் குறுக்கம்’ என்பது நல்ல இணையாக அமையும். ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று இலக்கணத்தில் பழகிய சொல். ஒரு சிக்கல்: நம்மை நோக்கி நீட்டிய கை ஓவியத்தில் குட்டையாகத் தெரிவதையும் குறுக்கம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அதற்கு வேறு சொல் யாரிடமாவது உண்டா?